“ஏன் வண்டியை நிறுத்தினீங்க?”

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல வருடங்களாக டாக்டராக இருக்கிறேன். அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர் கொஞ்சம் ஆசுவாசமானதும், “ஏன் வண்டியை நிறுத்தினீங்க?” என்று கேட்பது என் வழக்கம்.

போன மழைக்காலத்தில், ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்த ஒரு பையனைச் சரக்கு வேன் டிரைவர் ஒருவர் கொண்டுவந்தார். பையனை உள்ளே கொண்டுபோன பிறகும் அவர் கிளம்பவில்லை. தோளில் கிடந்த துண்டெல்லாம் ரத்தம். கையில் பையனின் ஒற்றைச் செருப்பு. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அந்தக் கொண்டை ஊசி வளைவுல என்னைத் தவிர யாருமில்லைங்க டாக்டரம்மா. நானும் போயிட்டா அவனை யாருங்க பார்ப்பா?”

“எங்கப்பா விழுந்தப்ப முகம் தெரியாத ஒருத்தர்தான் தூக்கிட்டு வந்தாரு” என்றார் இன்னொரு நாள் ஒரு பூக்காரம்மா. “என் தங்கச்சி வயசுதான் இருக்கும்” என்றான் ஒரு கல்லூரி மாணவன். புண்ணியத்துக்காகச் செய்தேன் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, ஐந்து ரோடு மாதிரி ஜன நெருக்கடியான இடத்தில் ஒருவர் விழுந்தால் ஏன் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்? ஊர் கெட்டுப்போச்சு என்று நான் நினைக்கவில்லை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல ஹெட்ஃபோனில் குரல் கேட்கும். கேட்பது தான் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். மற்றவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. கை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள். யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்புதான் காலைக் கட்டிப்போட்டது.

அதனால், கூட்டத்தைப் பார்த்து “யாராவது வாங்க” என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டுங்கள். “நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்கு போன் போடுங்க. அக்கா, உங்க துப்பட்டாவைக் குடுங்க, ரத்தம் வர்ற இடத்துல அழுத்திப் பிடிக்கணும்.” பொறுப்பு தன் பெயரில் விழுந்துவிட்டால் முக்கால்வாசிப் பேர் ஓடி வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம், அடிபட்டவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கழுத்தை அசைக்க வேண்டாம்.

இன்னொரு தடை, போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்களோ என்ற பயம். இதை என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். உதவி செய்பவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற விதிமுறைகளை 2016-இலேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், போன் நம்பர் கொடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் முடியாது. செலவு யார் தலையில் விழும் என்ற கவலையும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

அந்த டிரைவர் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் ஒரு பை நிறைய மலைக் கொய்யா. பையனின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

“அந்தச் செருப்புப் பையன் கண்ணு முழிச்சுட்டானுங்களா?”