மொட்டை மாடி சோலார்: 78,000 ரூபாய் மானியம் எங்கே சிக்கிக்கொள்கிறது

பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் மானியம் கடைசியில்தான் வரும். பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நீங்கள் வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) ஓடத் தொடங்கி, மின்வாரியம் சரிபார்த்த பிறகே மத்திய அரசின் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை செலவு உங்களுடையது. இடையில் ஒரு பெயரோ எண்ணோ பிசகினால் பணம் நின்றுவிடும். அதனால் பேனல் விலையை விசாரிப்பதற்கு முன்பே சில விஷயங்களைப் பார்த்து வைப்பது நல்லது.

திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 2026-27 நிதியாண்டு வரை நடக்கும். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக, 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000தான். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் பொது விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. ஏற்கெனவே வேறு திட்டத்தில் சோலார் மானியம் வாங்கியவர்களுக்குக் கிடையாது.

எத்தனை கிலோவாட் போடலாம் என்பதை இ.பி. கார்டுதான் சொல்லும், ஏஜென்ட் அல்ல. நல்ல வெயில் விழும் மாடியில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதக் கணக்கில் சுமார் 240. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவாட் போட்டால் 480 கழிந்து 40 மிஞ்சும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்கும் கட்டணம் வராது. அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் தேவையே இல்லை. 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு லாபம் அதிகம். அந்தக் கோட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் கூடிவிடுகிறது, சோலார் அதைத் தடுக்கும். 200 யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பம் கடன் வாங்கிச் சோலார் போட அவசரப்பட வேண்டாம். போட்ட முதல் திரும்ப நெடுநாள் ஆகும். கோடை, மார்கழி என்று ஓட்டம் மாறுவதால் ஆறு பில்லையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். மின் இணைப்பு காலமான தாத்தா பெயரிலும், ஆதார் மகன் பெயரிலும், வங்கிக் கணக்கு மருமகள் பெயரிலும் இருக்கும். அல்லது ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். முதலில் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் இணைப்பின் பெயர் மாற்றத்தை முடியுங்கள். அதே பெயரில் உள்ள கணக்கின் ரத்து செய்த காசோலையைத்தான் மானியத்துக்குக் கொடுக்க வேண்டும். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால், எந்த இணைப்பில் பில் அதிகமோ அதன் எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

மாடியில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லா இடம் வேண்டும். நிழலை டிசம்பரில் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த மாதத்தில்தான் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் நீளமாக விழும். காலை ஒன்பது, மாலை மூன்று என்று இரண்டு தடவை மாடி ஏறினால் தெரிந்துவிடும். ஒரே வரிசையில் இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் இறங்கக்கூடும்.

இந்தத் திட்டத்துக்கான தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு கிடையாது. அனுமதிக்கப்பட்ட மின்பளு (உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் ஒதுக்கியிருக்கும் கிலோவாட்) குறைவாக இருந்தால் அதை உயர்த்துவது மின்வாரியத்தின் வேலை என்று 2024 விதித் திருத்தம் சொல்கிறது. நிறுவனம் அந்த இணையதளத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். பேனல் இந்தியாவில் செய்த செல்லால் ஆனதாக இருக்க வேண்டும். இறக்குமதிப் பேனல் மலிவாகக் கிடைத்தாலும் மானியம் போய்விடும்.

விலைப்புள்ளியில் '3 கிலோவாட்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பேனல்களின் மொத்த வாட், இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 550 வாட் பேனல் ஐந்து, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றால் கணக்கு 2.75 கிலோவாட், மானியம் 73,500. ஐந்தாண்டுப் பராமரிப்பும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். கையில் பணம் இல்லையென்றால் 3 கிலோவாட் வரை ஈடில்லாமல் வங்கிக் கடன் உண்டு. வட்டி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, ஒட்டி அமையும்.

பேனல் மாடிக்கு வந்ததும், கம்பிச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன், ஒவ்வொன்றின் பின்புறமும் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஸ்டிக்கரை போனில் படமெடுத்து வையுங்கள். முதுகு கீழே போய்விட்டால் பிறகு தவழ்ந்துதான் படிக்க வேண்டியிருக்கும். இணையதளத்தில் ஏற்றும் எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். எர்த் குழி மூன்றா என்றும் எண்ணுங்கள்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. செலவு மிச்சம் பிடிக்க மூன்றையும் ஒரே குழியில் சேர்த்துவிடுவார்கள். இடி விழுந்தால் இன்வெர்ட்டர் போய்விடும்.

வேலை முடிந்த விவரத்தை ஏற்றியதும் நெட் மீட்டர் மாட்டிச் சோதனை நடக்கும். அதற்கு விதிப்படி 15 நாள். சோலார் ஓடத் தொடங்கியதற்கான இயக்கச் சான்றிதழ் வந்த பிறகு வங்கி விவரத்தைக் கொடுத்து மானியம் கோரலாம். வழக்கமாக 30 நாளுக்குள் வரவேண்டும். மிச்ச யூனிட் அடுத்த பில்லில் கழியும். அதற்குப் பணம் வரும் என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு முன் பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்கள்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் இன்வெர்ட்டர் தானே அணைகிறது. பேனலைக் காலையில் வெயில் ஏறும் முன் கழுவுங்கள்; உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீரில் உப்பு இருந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும், கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டு ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள்.