தெர்மோகிராஃபி: வலியின் படமா, வெப்பத்தின் படமா?

தெர்மோகிராஃபியை ‘வலியைப் படம்பிடிக்கும் முறை’ என்று விளக்குபவர்கள் உண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரிந்துவிடும். கிரேக்க மொழியில் ‘தெர்மே’ வெப்பம். ‘கிராஃபெய்ன்’ எழுதுதல், வரைதல். தோலின் வெப்பத்தைத்தான் கருவி வரைகிறது. வலி அதற்குத் தெரியாது.

நம் தோல் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அவை மிகுதியாக வருவது 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. எக்ஸ்ரே போல இந்தக் கருவி எதையும் உடம்புக்குள் செலுத்துவதில்லை. வருகிற கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மூட்டில் அழற்சி வந்தால் அங்கே இரத்த ஓட்டம் கூடும், மேல்தோல் சூடேறும், படத்தில் அந்த இடம் நிறம் மாறித் தெரியும்.

‘அகச்சிவப்பு’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறியது. அந்தக் கதிருக்குப் பின்னாளில் வந்த ‘இன்ஃப்ராரெட்’ என்ற பெயரில் ‘இன்ஃப்ரா’ லத்தீன் சொல்; ‘கீழே’ என்று பொருள். சிவப்பைவிட அதிர்வெண் குறைந்தது என்பதால் அது பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘செங்கீழ்’ இந்தப் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. ‘அகம்’ அவ்வளவு நெருக்கமில்லை. ஆனாலும் ‘புறஊதா’வோடு இணையாக அகச்சிவப்பு நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘அழற்சி’. அதற்கான ஆங்கிலச் சொல் ‘இன்ஃபிளமேஷன்’ லத்தீனில் தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தமிழிலும் அழல் என்றால் தீ. இரண்டு மொழிகளும் நெருப்பைத்தான் நினைத்திருக்கின்றன! இதற்குப் பதிலாக ‘வீக்கம்’ என்று எழுதுவது போதாது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் அழற்சிக்குச் சிவத்தல், வீக்கம், சூடு, வலி என நான்கு குறிகளைச் சொல்லியிருக்கிறார். வீக்கம் அவற்றில் ஒன்றுதான். வெப்பக் கருவி பிடிப்பதும் ஒன்றைத்தான்: சூட்டை.

அதனால்தான் படத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சூடே ஏறாத வலிகள் உண்டு. சில நரம்புவலிகளில் வலிக்கிற கை மற்றதைவிடக் குளிர்ந்துகூட இருக்கும். ஆகவே இடதையும் வலதையும் ஒப்பிடுவதே இங்கு அடிப்படை. நீரிழிவு உள்ளவரின் இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிடும்போது ஏறத்தாழ 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு நீடித்தால், புண் வரக்கூடும் என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) இது மாற்று ஆகாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? துறைக்கு வெப்பவரைவியல், ‘வரை’ என்ற வினைக்கு எழுது என்ற பொருளும் உண்டு என்பதால் ‘கிராஃபெய்ன்’னுக்கு அது கச்சிதம். கிடைக்கும் படத்துக்கு வெப்பப்படம், கருவிக்கு வெப்பப்படக் கருவி. ‘வலிப்படம்’ வேண்டாம். ‘வெப்பப்படத்தில் இடது முழங்கால் வலதைவிடச் சூடாகத் தெரிகிறது, அழற்சி இருக்கலாம்’ என்று எழுதினால் கருவி கண்டது எது, மருத்துவர் ஊகித்தது எது என்பது படிப்பவருக்குத் தனித்தனியாக விளங்கும்.