சர்வர் வாங்குமுன் டிவியைப் பாருங்கள்

சிங்கப்பூர் வீடுகளில் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். படங்களைச் சேமித்து டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் கணினியான மீடியா சர்வர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த சிபியு வாங்கலாம்?" நான் பதிலுக்கு, "டிவி என்ன மாடல்? வேற எதிலெல்லாம் பார்ப்பீங்க?" என்பேன். கேள்வியைத் தட்டிக்கழிக்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். சர்வருக்கு எவ்வளவு வேலை என்பதை முடிவு செய்வதே அந்த டிவிதான்.

சர்வரில் ஓடும் மென்பொருள் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் எதுவானாலும் கதை ஒன்றே. டிவிக்குப் புரியும் வடிவில் கோப்பு இருந்தால் சர்வர் அதை அப்படியே எடுத்து அனுப்பிவிடும். பழைய லேப்டாப்புகூட அதற்குப் போதும். புரியாவிட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தை வேறு வடிவுக்கு மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். இதுதான் ட்ரான்ஸ்கோடிங். சிபியு திணறுவது இங்கேதான்.

ஈசூனில் ஒரு வாடிக்கையாளர், "படம் நின்னு நின்னு வருது தம்பி, புது மெஷின் வாங்கிடவா?" என்றார். ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் படத்தோடு சேர்த்து, ட்ரான்ஸ்கோடிங் ஏன் நடக்கிறது என்ற காரணமும் தெரியும். அவர் வீட்டில் காரணம் சப்டைட்டில். ப்ளூரே வழி வந்த கோப்புகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். டிவியில் உள்ள செயலிக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வரே அதை வீடியோவின் மேல் பதித்து முழுப் படத்தையும் புதிதாக உருவாக்கி அனுப்பும். வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்.ஆர்.டி. சப்டைட்டில் போட்டதும் சிபியு அடங்கிவிட்டது. புது மெஷினுக்கு வேலையே இல்லை.

வெளிச்சமும் நிறமும் அதிகமுள்ள எச்.டி.ஆர். வகை 4கே படத்தைச் சாதாரண டிவிக்கு ஏற்ப நிறம் மாற்றி அனுப்புவதும் பெரிய பாரம். டி.டி.எஸ். ஒலியை மட்டும் மாற்றுவது பெரிதில்லை. டிவிடியில் கிடக்கும் கல்யாண வீடியோக்கள் எம்பெக்-2 என்ற பழைய வடிவம். பேத்தி அதை ஐபேட் பிரவுசரில் திறந்தால் சர்வர்தான் மாற்றித் தர வேண்டும். ஆனால் அது 576 வரிப் படம்தான், எந்த சிப்பும் தாங்கும்.

சரி, ட்ரான்ஸ்கோடிங் தவிர்க்க முடியாது என்றால் என்ன வாங்குவது? பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். இன்டெல் 2011-லிருந்து தன் சிப்புகளில் குவிக் சிங்க் என்று வீடியோவுக்கே தனிப் பகுதி வைக்கிறது. 2023-இல் வந்த என்100 சிப்பின் மின் அளவு வெறும் 6 வாட். அது போட்ட மினி பிசி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிபியுக்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் மலிவாகத் தெரிகிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் வரும் பழைய அலுவலக மினி பிசிக்கள் எனக்குப் பிடித்தவை. விண்டோஸ் 11 பொதுவாக 8-ஆம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. அதனால் அலுவலகங்கள் 6, 7-ஆம் தலைமுறைகளைக் கழித்துக் கட்டுகின்றன. இதில் 7 நல்லது, 6 வேண்டாம். இன்றைய 4கே கோப்புகளில் பெரும்பாலானவை 10 பிட் எச்.இ.வி.சி. என்ற வடிவம்; அதை முழுதாகக் கையாளும் திறன் 7-இல்தான் வந்தது. லினக்ஸ் போட்டால் விண்டோஸ் கவலையும் இல்லை. ஏ.வி.1 என்ற புது வடிவக் கோப்புகள் நிறைய வைத்திருந்தால் 11-ஆம் தலைமுறைக்கோ அதற்கு மேலோ போங்கள். ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினி இந்த வேலைக்கு ஒத்துவராது, வீடியோவை மாற்றி எழுதும் வன்பொருளே அதில் இல்லை.

டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க்கில் மாட்டும் ரெடிமேட் நாஸ் பெட்டியிலும் உள்ளே கிராபிக்ஸ் உண்டா என்று கேளுங்கள். சைனாலஜியின் டி.எஸ்.920+ இல் இன்டெல் செலரான் இருந்தது. அடுத்து வந்த டி.எஸ்.923+ இல் இருப்பது ஏ.எம்.டி., உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கோப்புகளைப் பத்திரமாக வைக்க அது நல்ல பெட்டி, ட்ரான்ஸ்கோடிங்குக்கு இல்லை.

மகனின் பழைய கேமிங் பிசியையே சர்வராக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு. வருடம் முழுக்க 80 வாட் இழுத்தால் 210 வெள்ளி. அதுவே 15 வாட் இழுக்கும் மினி பிசி என்றால் 40 வெள்ளி.

மிச்சமாகும் பணத்தை டிஸ்க்கில் போடுங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க் தனியாக இருந்தால் பரவாயில்லை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டில் ஒன்று பழுதாகி மீண்டும் எழுதும்போது இழுத்தடிக்கும். ரெய்டுக்கு, தடங்களை ஏற்றாமல் எழுதும் சி.எம்.ஆர். என்று பார்த்து வாங்குங்கள். ரெய்டு என்பது பேக்கப் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறுதலாக அழித்த கல்யாண வீடியோ இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும். இன்னொரு நகல் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். வீவக அடுக்குமாடி வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் ரௌட்டரையும் சர்வரையும் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு: வைஃபை வெளியே வராது, சூடும் வெளியே போகாது. சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியும் வேண்டாம். அப்படி வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது சாம்பிராணிப் புகையும் திருநீறும் சேர்ந்து விசிறி இறக்கையில் பசை போல ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மினி பிசியின் அடாப்டரில் சிங்கப்பூர் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் குறி உள்ள வேறொன்று இங்கேயே வாங்குங்கள், இரவு பகல் செருகியே கிடக்கப்போவது அது.

இன்னொரு வேடிக்கை. பல டிவிகளின் லேன் (நெட்வொர்க் வயர்) துளை நொடிக்கு 100 மெகாபிட்தான். நொடிக்கு நிறைய டேட்டா தேவைப்படும் 4கே கோப்பு சில காட்சிகளில் அதைத் தாண்டிவிடும், அப்போது சர்வரைத் திட்டுவோம். அந்த டிவிக்கு வைஃபையே வேகம், அல்லது கிகாபிட் துளை உள்ள தனி ஸ்ட்ரீமிங் பெட்டி.

ஊரில் இருக்கும் அம்மாவும் பார்க்க வேண்டுமென்று ரௌட்டரில் வெளியார் உள்ளே வரும் வழியான போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. உங்கள் சாதனங்களைத் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போட்டால் போர்ட் திறக்கத் தேவையில்லை, சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் போனில் நீங்களே ஏற்றி லாகின் செய்துவிட்டு, படத் தரத்தை 720-க்கு இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அங்குள்ள மொபைல் டேட்டாவுக்கு அது போதும்.