பாமினிப் பட்டியலைக் காற்புள்ளியில் வெட்டாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் சங்கங்களிடமும் சிறு நிறுவனங்களிடமும் உள்ள பழைய எக்செல் பட்டியல்கள் பல இன்னும், ஆங்கில விசைக் குறிகளையே தமிழெழுத்தாகக் காட்டும் பாமினி எழுத்துருவிலேயே இருக்கின்றன. அவற்றைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்து, கட்டளை வரியில் ‘ஆக்’ அல்லது ‘கட்’ கருவியால் காற்புள்ளிதோறும் வெட்டி ஸ்கிரிப்டுக்குள் எடுப்பது பலருக்கும் கைவந்த பழக்கம். பயனாளிகள் பட்டியல்களைத் தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையில் நான் அதிகமாகத் திருத்த நேர்வது இப்பழக்கத்தால் விளைந்த பிழைகளையே.

பாமினியில் ‘இ’ எழுத்து காற்புள்ளி விசையில் இருக்கிறது. கோப்பினுள் பதிவாவதும் காற்புள்ளியேதான். ஆகவே இறக்கக்கண்டி என்ற ஊரோ இராசம்மா என்ற பெயரோ வரும் நிரையில் (கிடைவரிசையில்) மட்டும் ஒரு நிரல் (நெடுவரிசை) கூடிவிடும். மூதூர், கிண்ணியா என்று வரும் நிரைகளோ ஒழுங்காகவே இருக்கும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயரின் மிச்சத்தை வைத்துவிட்டுப் போகும். அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் தீரும் என்று சொல்வோரும் உண்டு. மெய்யெழுத்தின் தலைப்புள்ளியே பாமினியில் அரைப்புள்ளி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் ஏறத்தாழ எல்லாப் பெயர்களிலும் வெட்டு விழும்.

காற்புள்ளி உள்ள கட்டத்தை எக்செல் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்தே சேமிக்கிறது. சிஎஸ்வி வடிவத்தை விவரிக்க 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் கூறும் முறையும் அதுவே. எனவே குற்றம் கோப்பில் இல்லை, மேற்கோளைப் பொருட்படுத்தாத வெட்டுமுறையில்தான் இருக்கிறது. சிஎஸ்வி கோப்புகளைக் கையாளும் ‘சிஎஸ்விகிட்’ கருவித் தொகுப்பும் ‘மில்லர்’ கருவியும் மேற்கோளை அறிந்து பிரிப்பவை. நிரலை எண்ணால் அல்லாமல் தலைப்பின் பெயரால் கேட்கவும் இடமளிப்பவை. சிஎஸ்விகிட்டில் உள்ள ‘இன்டூசிஎஸ்வி’ எக்செல் கோப்பையே நேரடியாக வாசிக்கும். ஆனால் இயல்புநிலையில் அது ஒவ்வொரு நிரலின் வகையையும் ஊகிக்க முயல்வதால், உரையாக இருந்த, 026 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கம் எண்ணாகி, முன்னிற்கும் சுழியம் காணாமற் போகக்கூடும். ஆங்கிலப் பெரிய ‘ஐ’ தெரிவைச் சேர்த்து இந்த ஊகத்தை நிறுத்திவிடுவதே என் வழக்கம். எக்செலில் தட்டச்சிடும்போதே தொலைந்த சுழியத்தை எந்தக் கருவியும் மீட்டுத்தராது. அதற்கு அந்த நிரலை முன்கூட்டியே உரை வடிவத்தில் அமைத்திருக்க வேண்டும்.

யுனிகோடுக்கு மாற்றுவதையும் நிரல்களைப் பிரித்த பின்னரே செய்ய வேண்டும். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் இட்டால் பிரிப்பான்களான காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் வரும் ‘வி’, ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளும் தப்பாமல் ‘ஏ’, ‘ஓ’ என்று மாறிவிடுமாதலால், பெயர், முகவரி போன்ற தமிழ் நிரல்களை மட்டும் தனியே எடுத்து மாற்றி மீண்டும் இணைப்பதே பாதுகாப்பானது.