வளைப்பது சுழற்சியா, தையலா?

1997 ஜூன் 3 அன்று லியோனில், பிரான்சுக்கு எதிராக பிரேசில் கால்பந்து வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டர் தள்ளி நின்று அடித்த ஃப்ரீ கிக், கோலைவிட்டு வெகுதூரம் விலகிப் போவதுபோலத்தான் கிளம்பியது. கோலுக்கு வலப்புறம் நின்றிருந்த பந்து பொறுக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பந்தோ இடப்பக்கம் திரும்பி, கம்பத்தில் பட்டு வலைக்குள் போனது. கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அது சுழற்சியின் வேலை. பறக்கும் பந்தின் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டியபடி பின்னோக்கி ஓடும். பந்து சுழன்றால், அதன் ஒரு பக்கம் காற்று ஓடும் திசையிலேயே நகரும்; அங்கே படலம் அதிகத் தூரம் ஒட்டியிருக்கும். மறுபக்கம் சீக்கிரமே பிய்ந்துவிடும். அதனால் பந்துக்குப் பின்னால் காற்று ஒரு பக்கம் ஒதுக்கப்பட, பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியரின் பெயரால் மேக்னஸ் விளைவு என்கிறார்கள்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து காற்றிலேயே வளையும் ஸ்விங்கையும் பலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது சரியல்ல. அங்கே பந்தை வளைப்பது, அதன் நடுவைச் சுற்றிப் புடைத்து ஓடும் தையல். பவுலர் தையலைச் சுமார் 20 டிகிரி சாய்த்துப் பிடித்து, விரல்களால் பின்னோக்கிச் சுழற்றி விடுகிறார். இந்தச் சுழற்சி தையல் ஆடாமல் இருக்க மட்டுமே. தையலில் இடறிய காற்றுப் படலம் கொந்தளிக்கும். கொந்தளித்த படலம் பந்தை எளிதில் விடாது. பளபளப்பான பக்கத்திலோ அது அமைதியாக ஓடிச் சீக்கிரம் விலகிவிடும். ஆகவே தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே பந்து போகும். ஒரு பக்கத்தை விடாமல் துடைப்பது இந்த அமைதியைக் காப்பாற்றத்தான். 2022இல் ஐசிசி பந்தில் எச்சில் தடவுவதை நிரந்தரமாகத் தடைசெய்த பிறகு, வியர்வைதான் துணை.

எனக்கு மிகவும் பிடித்தது ரிவர்ஸ் ஸ்விங். வேகம் மிகவும் கூடினால், தையலை எட்டும் முன்பே படலம் இரண்டு பக்கமும் தானாகக் கொந்தளித்துவிடும். இப்போது தையல் உதவாது. படலத்தைத் தடிக்கவைத்து அந்தப் பக்கத்திலேயே சீக்கிரம் பிய்த்துவிடும். பந்து நேர் எதிர்த்திசையில் போகும். புதுப் பந்தில் இதற்கு மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். தேய்ந்த பந்தின் சொரசொரப்பான பக்கத்தை முன்னால் வைத்து வீசினால் குறைந்த வேகமே போதும். அந்தச் சொரசொரப்பே காற்றைக் கலக்கிவிடும்.

பிடி ஒன்றுதான், திசை மட்டும் வேறு. எந்தப் பக்கம் பளபளக்கிறது என்பதுதான் பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் ஒரே துப்பு. அதனால்தான் ஜாகீர் கான் போன்றவர்கள் ஓடி வரும்போது பந்தை மறுகையால் மூடிக்கொண்டே வந்தார்கள்.