சம்மன் வந்த அன்றே வீடு போய்விடாது

நியூ ஜெர்சியில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. எடிசன் நகரப் பக்கமிருந்து வரும் நம் குடும்பங்களில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலை போனதைக்கூட ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். மார்ட்கேஜ் கட்டாமல் நிற்பதை வீட்டுக்குள்ளேயே சொல்வதில்லை. கடிதங்கள் பிரிக்கப்படாமலேயே சேர்கின்றன. ஏலத்தை நடத்தும் அதிகாரியான ஷெரிஃப் ஏல நோட்டீஸைக் கதவில் ஒட்டிய பிறகுதான் கணவனும் மனைவியும் சேர்ந்து வருகிறார்கள். அதற்குள் பல வாய்ப்புகள் கைநழுவியிருக்கும்.

கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பெரும்பாலும் கோர்ட் வாசலை மிதிக்காமலேயே வீட்டை ஏலம் விட்டுவிடலாம். நியூ ஜெர்சி, நியூயார்க், ஃபுளோரிடா, இல்லினாய்ஸ் போன்ற இடங்களில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கித்தான் ஆகவேண்டும். அதற்கு நாளாகும். அந்த அவகாசம் பதில் சொல்பவர்களுக்குத்தான் உதவும்.

பொதுவாக, தவணை 120 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால்தான் வழக்குப் போடலாம் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. வழக்குக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நோட்டீஸ் தரவேண்டும் என்பது நியூ ஜெர்சி சட்டம். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று அதிலேயே இருக்கும். குறைந்த செலவில் தப்பிக்கக் கூடிய நேரம் அதுதான். வழக்குச் செலவு இன்னும் தலையில் ஏறியிருக்காது.

அடுத்து சம்மனும் புகார் மனுவும் வரும். அவை கைக்கு வந்த நாளிலிருந்து பதில் மனு போட 35 நாள். கோர்ட் நடத்தும் சமரசப் பேச்சுக்கு விண்ணப்பிக்க 60 நாள். "வேலை போய்விட்டது, பணமில்லை" என்று மட்டும் பதில் எழுதினால் கோர்ட் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாது. காகிதங்களைப் பார்த்தே தீர்ப்பு வரை போய்விடும். கட்டிய பணம் கணக்கில் வரவில்லை, நோட்டீஸே வரவில்லை, வழக்குப் போட்டவருக்கு இந்தக் கடனில் உரிமை இருப்பதற்கு ஆதாரமில்லை என்று குறிப்பான காரணம் இருந்தால்தான் கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதி விசாரிப்பார். அப்படி எதுவும் இல்லையா? சரி, சமரசப் பேச்சைக் கேளுங்கள். ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்கவேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இது கிடையாது.

தவணையைக் குறைத்து மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வங்கி ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கம் வெறும் தாள்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆறு பக்கத்தில் ஐந்துதான் இருக்கிறது, விண்ணப்பம் முழுமையில்லை என்று பதில் வரும். அதற்குள் இணைத்த சம்பளச் சீட்டு பழசாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வெறும் தாளையும் சேர்த்தே அனுப்புங்கள். ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், பொதுவாக அதற்கு ஒரு முடிவு சொல்லாமல் ஏலம் விட முடியாது.

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்தப் பதற்றத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பத்திரம் கைமாறும்வரை வீடு உங்கள் பெயரில்தான் இருக்கும்; சொத்து வரியும் அசோசியேஷன் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். ஆளில்லாமல் கைவிட்ட வீடு என்றால் வழக்கை விரைவாக முடிக்கவும் இங்கே சட்டம் இருக்கிறது. கிளம்பியே ஆகவேண்டுமென்றால் முதலில் விற்கப் பாருங்கள்.

வழக்கு பொதுப் பதிவில் ஏறியதும் மோசடிக்காரர்களின் போன் வரும். "முன்பணம் கொடுங்கள், கடனை மாற்றித் தருகிறோம்" என்பார்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் தரும் சலுகை எழுத்தில் வந்து நீங்கள் சம்மதிப்பதற்கு முன் பணம் வாங்குவது மத்திய விதிப்படி தவறு. "பத்திரத்தைத் தற்காலிகமாக எங்கள் பெயருக்கு எழுதுங்கள்" என்பவர் அதைவிட ஆபத்தானவர். மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் இந்த உதவிக்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

இறுதித் தீர்ப்பு பதிவாகும்வரை நிலுவையையும் செலவையும் மட்டும் கட்டி வீட்டை மீட்கலாம். அதன்பிறகு முழுக்கடனையும் கட்டவேண்டியிருக்கும். ஏலத் தேதி வந்தபிறகும் இரண்டு முறை, தலா 30 நாள் வரை, ஷெரிஃப் அலுவலகத்தில் நீங்களே தள்ளிவைக்கக் கேட்கலாம். வருமானத்திலிருந்து தவணையாகக் கடனை அடைக்க வழிசெய்யும் சாப்டர் 13 திவால் மனுவும் ஏலத்தை நிறுத்தும். ஆனால் அதை வக்கீல் இல்லாமல் செய்யாதீர்கள். ஏலம் முடிந்தபின்னும் மீட்க 10 நாள் உண்டு. ஏலம் எடுத்தவர் தானாக வந்து பூட்டை மாற்ற முடியாது. அதற்குத் தனி கோர்ட் உத்தரவு வேண்டும்.

கடனைவிட அதிகத் தொகைக்கு வீடு ஏலம் போயிருந்தால், மற்றக் கடன்கள் போக மிச்சம் உங்களுக்குத்தான். அது கோர்ட்டின் கணக்கில் கிடக்கும், தானாக வீடு தேடி வராது. மனு போட்டுத்தான் வாங்கவேண்டும். "வாங்கித் தருகிறோம், பாதிப் பங்கு கொடுங்கள்" என்று கடிதம் வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தக் கவுண்ட்டியின் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.