எட்டரை டிகிரி சாய்வில் ஒரு தெரு

திருச்சியில் இயற்பியல் படிக்கும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். "கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரிப் பெரிய ஃபிலிம் கேமராவை வீட்டில் செய்ய முடியுமா? அந்தப் படங்களில் காலடியில் கிடக்கும் கல்லும் தூரத்து மலையும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கின்றனவே, அது எப்படி?"

முதல் கேள்விக்குப் பதில்: முடியும், நானே செய்திருக்கிறேன். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. பள்ளியில் எல்லோரும் படித்த லென்ஸ் சூத்திரத்துக்குள்ளேயே அதன் பதில் இருக்கிறது. அதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேமராவைப் பற்றி முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 4×5 அங்குல ஃபிலிமுக்கானது. 35 மி.மீ. ஃபிலிம் சுருளின் ஒரு கட்டத்தைவிட இதன் பரப்பு சுமார் 15 மடங்கு பெரிது. இரண்டு மரச்சட்டங்கள். முன்சட்டத்தில் லென்ஸ், பின்சட்டத்தில் ஃபிலிம், நடுவில் வெளிச்சம் புகாத துருத்தி. புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேரின் கேமராவை 1839இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் ஜிரூ செய்து விற்றார், அதில் துருத்திகூடக் கிடையாது. தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நகரும். படம் எடுக்க அது போதும், ஆனால் சட்டங்களைச் சாய்க்க முடியாது. நமக்குச் சாய்வுதான் வேண்டும். மடிப்பு மடிப்பாகத் துருத்தி மடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கறுப்பு ரெக்சினுக்கு உள்ளே கறுப்புத் துணி கொடுத்துப் பை மாதிரித் தைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். இருட்டறையில் அதற்குள் ஒரு எல்இடி விளக்கை எரியவிட்டால் தையல் ஓட்டைகளெல்லாம் நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒவ்வொன்றாகக் கறுப்பு டேப் ஒட்டி அடைக்க வேண்டும்.

லென்ஸ், மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் என்லார்ஜரில், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியில் இருந்தது. குவியத் தொலைவு 150 மி.மீ. நம் பள்ளி ஆய்வகங்களில் கிடக்கும் குவிலென்சுகளில் பலவற்றுக்கு ஏறக்குறைய இதே அளவுதான். ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் வளையம் உண்டு, ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, நொடிகளை எண்ணி, திரும்ப மூடுவதுதான் ஷட்டர். ஃபிலிமுக்கு எக்ஸ்ரே ஃபிலிம். 8×10 அங்குலத் தாள் ஒன்றை நாலாக வெட்டினால் நாலு படம். இதற்குச் சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் வெட்டலாம், கழுவலாம். தட்டில் மருந்துக்குள் படம் மெல்லக் கறுத்து எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே சங்கடம், இருபுறமும் மருந்துப் பூச்சு இருக்கும். ஈரமாக இருக்கும்போது நகம் பட்டால் போச்சு.

இனி நிதானமாகப் போவோம். படம் எடுக்கும்முன், ஃபிலிம் வரப்போகிற இடத்தில் ஒரு தேய்த்த கண்ணாடியை வைத்துத்தான் பிம்பத்தைப் பார்க்கிறோம். அந்தக் கண்ணாடியை வீட்டிலேயே தேய்க்கலாம். 3 மி.மீ. ஜன்னல் கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை 400ஆம் நம்பர் கார்பரண்டம் பொடி, சில சொட்டுத் தண்ணீர். இன்னொரு சின்னக் கண்ணாடித் துண்டை மேலே வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். முதலில் பல் கூசும்படி கறகறவென்று சத்தம் வரும். பொடி நுணுங்க நுணுங்க அது தணிந்து, உரலில் மாவு வழுக்கும் சத்தமாக மாறும். துகள்கள் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உருண்டுகொண்டே, முனை பட்ட இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சில்லைப் பெயர்க்கின்றன. அப்படி விழுந்த ஒவ்வொரு குழியும் தன்மேல் படும் ஒளியைப் பல பக்கமும் சிதறடிக்கிறது. காற்றில் நின்றிருந்த பிம்பம் அங்கேதான் கண்ணுக்குப் பிடிபடுகிறது.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கேமராவுக்கு முகம் காட்டாமலே இருந்தவர் என் அப்பத்தா. ஒரு நாள் அவரைத் துணிக்குள் தலையை விடச் சொன்னேன். கண்ணாடியில் தலைகீழாக வேப்பமரம் அசைந்தது. "வெயிலு தானா வந்து உக்காருதே" என்றார். மறுநாள் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எடு என்றார். இப்படிப் பயப்படுகிறவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை, பெட்டியைத் திறந்து காட்டிவிடுவேன்.

கண்ணாடியின் சொரசொரப்பான பக்கமும் பிறகு வரப்போகும் ஃபிலிமின் முகமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 4×5 ஃபிலிம் ஹோல்டரில் ஃபிலிமின் முகம், ஹோல்டர் சட்டத்தில் உட்காரும் இடத்திலிருந்து சுமார் 4.8 மி.மீ. உள்ளே இருக்கும். தேய்த்த முகமும் அதே 4.8இல் நிற்க வேண்டும். தரநிர்ணயம் அனுமதிக்கும் பிழை 0.2 மி.மீ.கூட இல்லை. நான் முதல் தடவை கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டேன், சொரசொரப்பு என் பக்கம், வழவழப்பு லென்ஸ் பக்கம். 3 மீட்டர் தள்ளிக் கிடந்த ஆட்டுக்கல்லைக் கூர்மையாக்கிப் படம் எடுத்தேன். நெகட்டிவில் ஆட்டுக்கல் பஞ்சுபோல் இருந்தது, அதற்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்த துளசிமாடம் பளிச்சென்று இருந்தது. 3 மி.மீ. கண்ணாடிக்குள் ஒளி வளைவதால் ஒரு மி.மீ. ஈடாகிவிடும், மிச்சம் 2 மி.மீ. பிழை. லென்ஸ் சூத்திரத்தில் போட்டேன். 3 மீட்டர் என்று நினைத்த இடம் ஏறக்குறைய 4 மீட்டர் என்று வந்தது. துளசிமாடம் நின்ற இடம் அதுதான். பிழையை இவ்வளவு துல்லியமாகக் கணக்கில் பிடித்த சந்தோஷம் அந்த ஃபிலிம் வீணானதைவிடப் பெரிது.

சரி, சாய்வுக்கு வருவோம். மார்கழிக் காலை, தெருவை அடைத்துக் கோலம். கேமரா ஒரு மீட்டர் உயரத்தில் நேர்ப்பார்வையாக நிற்கிறது. கோலத்தின் இந்த ஓரம் 3 மீட்டரில், அந்த ஓரம் 10 மீட்டரில். கிட்டத்துப் பொருளின் பிம்பம் லென்சிலிருந்து தள்ளி விழும், தூரத்துப் பொருளின் பிம்பம் லென்சுக்குக் கிட்டே விழும். எனவே நேராக நிற்கும் ஃபிலிமில் ஒரு ஓரம் தெளிந்தால் மறு ஓரம் மங்கும். வழக்கமான வைத்தியம் அபெர்ச்சரைச் சுருக்குவது. துளையின் அளவை எஃப்/11, எஃப்/32 என்று சொல்வார்கள், எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். 1932இல் கலிஃபோர்னியாவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக் கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் துளை சுருங்கச் சுருங்க ஒளியலை விளிம்பில் வளைந்து பரவும். எஃப்/64இல் ஒரு புள்ளியின் பிம்பம் ஏறக்குறைய 0.09 மி.மீ. பொட்டாகிவிடும். மூடியைத் திறந்து வைக்கும் நேரமும் எகிறும்.

துளையை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்போம். கோலத்தில் 3 மீட்டரில் உள்ள புள்ளியின் பிம்பம் லென்சுக்கு 157.9 மி.மீ. பின்னால் விழும். பிம்பம் தலைகீழ் என்பதால், தரையில் இருக்கும் அந்தப் புள்ளி ஃபிலிமின் நடுவிலிருந்து 52.6 மி.மீ. மேலே இருக்கும். 6 மீட்டரில் உள்ள புள்ளிக்கு இவை 153.8, 25.6. அடிவானத்துக்கு 150, பூஜ்யம். 150க்கு மேல் எவ்வளவு கூடுதலாகத் தேவை என்று மட்டும் எழுதுங்கள்: 7.9, 3.8, பூஜ்யம். இவற்றைப் பக்கத்திலுள்ள உயரங்களால் வகுத்துப் பாருங்கள். 7.9ஐ 52.6ஆல் வகுத்தாலும் 0.15, 3.8ஐ 25.6ஆல் வகுத்தாலும் 0.15.

இது தற்செயல் இல்லை. செய்முறை வகுப்பில் யு–வி முறை என்று செய்தோமே, 1/யு + 1/வி = 1/எஃப். யு பொருளின் தூரம், வி பிம்பத்தின் தூரம், எஃப் குவியத் தொலைவு. இதை வி, எஃப் இரண்டாலும் பெருக்கினால் வி = எஃப் + எஃப் × (வி/யு) என்று வரும். கூடுதல் தேவை என்பது அந்த இரண்டாவது உறுப்புதான். தரைப் புள்ளியின் பிம்ப உயரம் என்ன? கேமராவின் உயரம் × (வி/யு). இரண்டிலும் அதே வி/யு! ஒன்றை மற்றதால் வகுத்தால் அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது எஃப் ÷ கேமரா உயரம், அதாவது 150 ÷ 1000. தூரம் எவ்வளவானாலும் மாறாத எண்.

இதன் பொருளை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். தரை முழுவதும் ஒரே நேரத்தில் தெளிய வளைந்த ஃபிலிமோ விசேஷ லென்சோ தேவைப்பட்டிருக்கலாம். இயற்கை அப்படிக் கேட்கவில்லை. தட்டையான ஃபிலிமை அப்படியே, மேல்விளிம்பு பின்னால் போகும்படி எட்டரை டிகிரி சாய்த்தால் போதும், 0.15 என்ற சரிவுக்கான கோணம் அதுதான். 3 மீட்டர், 6 மீட்டர், அடிவானம், எல்லாமே அந்தச் சாய்ந்த தளத்தில் வரிசையாக வந்து உட்காரும். அபெர்ச்சரைத் தொடவே வேண்டாம்.

ஃபிலிமைச் சாய்ப்பதற்குப் பதில் லென்சை அதே அளவு முன்னால் குனிய வைத்தாலும் தரை தெளியும். ஃபிலிமைச் சாய்த்தால் கிட்டத்துக் கோலம் வீங்கித் தெரியும், லென்சைக் குனிய வைத்தால் வடிவம் கெடாது. நான் லென்சைத்தான் குனிய வைக்கிறேன், முன்சட்டத்தின் இரு பக்கமும் ஒரு போல்ட்டும் சிறகு நட்டும் போதும். அப்போது ஃபிலிமின் தளம், லென்சின் தளம், தெளிவாகத் தெரியும் தளம் மூன்றையும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்கும். இன்னொரு கோடும் உண்டு, எனக்கு அதன்மேல்தான் தனிப் பிரியம். லென்சுக்கு நேர் கீழே, தரையில், ஒரு கற்பனைக் கீல் இருக்கிறது. சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால் தெளிவுத் தளம் அந்தக் கீலைப் பிடித்துக்கொண்டு கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும். துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, விரலால் சட்டத்தை ஒரு மயிரிழை நகர்த்தும்போது, தூரத்து வீட்டின் மாடியிலிருந்து தெளிவு இறங்கி, திண்ணையைக் கடந்து, தெருவில் படுப்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

இந்த விதிக்கு ஷைம்ப்ஃப்ளூக் விதி என்று பெயர். தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் ஆஸ்திரிய ராணுவத்தில் கேப்டன். வானத்திலிருந்து சாய்வாக எடுத்த படங்களை நிமிர்த்தி வரைபடம் ஆக்குவது அவர் வேலை. அதற்கான முறைக்கு 1904இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். அதிலேயே, பிரெஞ்சுக்காரரான ஜூல் கார்பாந்தியே 1901இல் வாங்கிய காப்புரிமையை மறைக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். இன்று பெரிய கண் மருத்துவமனைகளில் லேசர் சிகிச்சைக்கு முன் கருவிழியின் (கார்னியா) வடிவத்தை அளக்கும் ஒருவகைக் கருவிக்குள் இருப்பது இதே சாய்வுதான். மெல்லிய ஒளித்தகடு ஒன்று கருவிழியை வெட்டிச் செல்லும், பக்கவாட்டில் இருக்கும் கேமரா தன் தளத்தைச் சாய்த்து அந்த வெட்டு முழுவதையும் தெளிவாகப் பிடிக்கும். வரைபடம் போடுகிற கணக்கு கண்ணுக்குள் போகும் என்று 1904இல் யாரால் விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியும்? ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவரிடம் உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லும் பழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. பள்ளிகளிலும் இதே கதைதான். குவிலென்ஸ் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது, தேர்வு நாளன்று வெளியே வருகிறது. அறிவியல் ஆசிரியர் கையில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயைக் கணக்குக் கேட்காமல் கொடுத்துப் பாருங்கள். ப்ளைவுட்டும் ரெக்சினும் அந்த லென்சும் போதும், ஒரு வகுப்பே துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிடும்.

சாய்வு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதையும் வாசகிக்குச் சொல்ல வேண்டும். தெளிவுத் தளம் தரையில் படுத்துவிட்டது, ஆனால் தரையில் நிற்கும் பொருள்கள் அதைவிட்டு மேலே எழுகின்றன. தெளிவின் தடிமன் கீலிலிருந்து ஆப்பு மாதிரி விரிகிறது. கிட்டத்தில் மெலிவு, தூரத்தில் கனம். 0.1 மி.மீ. மங்கலை மன்னிக்கலாம் என்று வைத்தால், என் கேமராவில் எஃப்/11இல் 7 மீட்டர் தூரத்தில் தரைக்கு மேல் சுமார் 35 செ.மீ. வரைதான் தெளிவு. எஃப்/32 வைத்தால் அதே இடத்தில் ஒரு மீட்டர்.

போன மார்கழியில் எங்கள் தெருக் கோலத்துக்கு நடுவே, சரியாக அந்த 7 மீட்டரில், பால்காரர் தன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இரண்டு தாள் எடுத்தேன். முதல் தாள் எஃப்/11, ஒரு நொடி. அச்சிட்டுப் பார்த்தால், காவி இட்ட ஓரமெல்லாம் எக்ஸ்ரே ஃபிலிமின் வழக்கப்படி கறுப்பாக விழுந்திருக்கிறது. புள்ளிகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எண்ணும்படி இருக்கின்றன. சைக்கிள் சக்கரத்தின் அச்சுவரை கம்பி கம்பியாகத் தெளிவு, அதற்கு மேல் சீட்டும் பால்கேனும் கரைந்துபோயிருக்கின்றன. இரண்டாம் தாள் எஃப்/32. கணக்குப்படி எட்டு நொடி. நேரம் நீண்டால் ஃபிலிம் கொஞ்சம் சோம்பும் என்று பத்து நொடி கொடுத்தேன். ஹேண்டில்பார் மணிவரை தெளிவாக இருக்கிறது. அந்தப் பத்து நொடிக்குள் இரண்டு காக்கைகள் அரிசி மாவைக் கொத்த வந்திருக்கின்றன, கோலத்தின் நடுவில் அவை நின்ற இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் லேசான புகை.